இழுப்பறையில் விட்டுப்போன அட்டை

அத்தியாயம் 11

போன அத்தியாயத்தில் அடுப்பில் அட்டைகளைப் போட்டு எரித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்ட ஒஃபேலியா, செவ்வாய்க்கிழமை காலையில் அதே அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். வெளியே மழை. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள் எரிந்தன.

எரித்தது என்ன என்று மறந்தவர்களுக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சான் எலாதியோ நகர நூலகத்தில் பழைய கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் இருக்கும் பிரிவு அவள் பொறுப்பு. இறந்துபோன டாக்டர் அவுரேலியோ வியேராவின் காகிதங்களை அவர் மனைவி செலினா நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். அதில் பாதி, ஊர்ப் பிள்ளைகள் டாக்டருக்கு எழுதியவை. வேலைநிறுத்தக் காலத்தில் குண்டடி பட்டவனுக்குத் தையல் போடக் கூப்பிட்டு, ஒளிந்திருப்பவனுக்கு மருந்து கேட்டு, அவரவர் கையெழுத்தில் பெயரும் தெருவும் போட்டு எழுதின கடிதங்கள். இப்போது நாடு பட்டாளத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பெயர்களில் ஒன்று தெரிந்தால் போதும், ஒரு வீட்டுக் கதவு உடையும்.

அதில் ஒரு பெயர் மிர்த்தா. ஒஃபேலியாவின் ஒரே மகள்.

அதனால்தான் ‘வி’ எழுத்து இழுப்பறையிலிருந்து, என்னென்ன காகிதம் இருக்கிறது என்று சொல்லும் வியேராவின் பட்டியல் அட்டைகளை எல்லாம் உருவிக் கொண்டுவந்து எரித்தாள். கடிதங்களைப் பாதிரியார் ஓர்தீஸின் பிரசங்கப் பெட்டிக்குள் மாற்றிவைத்தாள். அந்த மனிதரின் பிரசங்கத்தை அவர் உயிரோடு இருந்தபோதே யாரும் கேட்கவில்லை, செத்த பிறகா தேடி வரப்போகிறார்கள்?

கடிதங்களையும் சேர்த்து எரித்திருக்கலாமே என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு: நானும் அதையேதான் அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு துண்டுக் காகிதம் தொலையாமல் காத்த கை அது. எரிக்க வரமாட்டேன் என்றது.

“இன்னிக்குத்தானே அந்த கேப்டன் வர்றாரு?” என்றான் அவள் கணவன் அனிபால், மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீருக்குக் குடுவையில் வெந்நீர் ஊற்றியபடி. அவனுக்கு மருந்துக்கடையில் வேலை. பயம் வந்தால் ஜோக் அடிப்பான். அந்த வருஷம் நிறைய ஜோக் அடித்தான்.

“ஆமா. காலையிலயே.”

“சுதந்திர விழாக் கண்காட்சிக்குப் பழைய கடுதாசி பார்க்க வர்றவரு. அதுக்கு ஏன் பிரசவத்துக்குப் போறவ மாதிரி மூச்சு வாங்கற?”

“பக்கத்து ஊர்லயும் கண்காட்சின்னுதான் வந்தாங்க. அந்த நூலகப் பொண்ணு இன்னும் வீட்டுக்கு வரல.”

அனிபாலுக்கு அதற்கு ஜோக் கிடைக்கவில்லை. குடுவையை அவள் கையில் கொடுத்தான். அவள் குழலை உதட்டில் வைத்தாள், உறிஞ்ச மறந்துவிட்டாள்.

பின்வாசல் கதவு திறந்தது. குடையை உதறிக்கொண்டு இர்மா வந்தாள், கையில் துணி மூடிய தட்டு. மழை பெய்தால் அந்த ஊரில் தோர்த்தா ஃப்ரீத்தா சுடாத வீடு கிடையாது. மாட்டுக் கொழுப்பில் பொரித்த மாவு வட்டம், நடுவில் ஒரு ஓட்டை. இர்மா அனிபாலின் தங்கை. அடுத்த வீடு. சமீபத்தில்தான் கட்டிக்கொண்ட புருஷன் படைமுகாமில் சார்ஜென்ட், பெயர் வாஷிங்டன். சிரிக்காதீர்கள், அந்த நாட்டில் தெருவுக்கு ஒரு வாஷிங்டன் உண்டு.

“சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க அண்ணி. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?”

“தூக்கம் வரல.”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க புகைபோக்கி நல்லாப் புகைஞ்சுதே. அவ்வளவு குளிரா என்ன?”

 அந்தக் குளிர்காலத்தில் பட்டாளத்துக்குப் பயந்து ஊரே புத்தகம் எரித்தது. விறகுப் புகைக்கும் காகிதப் புகைக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அங்கே கிடையாது.

“உன் அண்ணி சமைச்சா அப்படித்தான் புகையும்,” என்றான் அனிபால்.

இர்மா வாய்விட்டுச் சிரித்தாள். “வாஷிங்டன்தான் சொன்னாரு. புகை கறுப்பா இருந்துச்சாம்.”

அந்த நேரம் பார்த்து மிர்த்தா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். “அத்தை கை பட்டாத்தான் ருசி.” இர்மா அவள் ஈரத் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை மகளின் தலையில் கிடந்த நேரம் முழுக்க ஒஃபேலியா மூச்சு விடவில்லை. குழந்தையாக மிர்த்தாவைத் தூக்கி வளர்த்த கைதான் அது. இப்போது அதைப் பார்த்தே பயப்பட வேண்டியிருந்தது.

கேப்டன் பெரேதா முரடனாக இருப்பான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட இளைஞர். வாசலில் பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். பட்டாளத்தில் சேருவதற்கு முன் சரித்திரம் படித்தாராம். மேஜைமேல் கிடந்த சில அட்டைகளை ஓரத்தைப் பிடித்துத் தள்ளினார், விரலில் எச்சில் தொடவில்லை. வேலை தெரிந்தவன் கை என்று பார்த்த உடனே தெரிந்தது. முரடனே வந்திருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டாள்.

“முதல்ல ‘வி’ எழுத்து இழுப்பறையைக் கொண்டு வர்றீங்களா மேடம்?”

‘ஏ’யிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நேராக ‘வி’.

கொண்டுவந்து வைத்தாள். பித்தளைக் கம்பியில் கோர்த்த அட்டைகளை அவர் விரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனது. விதால் வந்தது. அடுத்து விக்னோலி வந்தது. நடுவில் இருந்த பெயர் சாம்பலாகிக் குப்பைக்குப் போய்விட்டது.

“டாக்டர் வியேரான்னு ஒருத்தர் இந்த ஊர்ல இருந்தாராமே?”

“இருந்தாரு. எனக்கு அம்மை வார்த்தப்ப அவர்தான் பார்த்தாரு.”

“அவர் காகிதம் எதுவும் இங்க வரலையா?”

“அட்டை இல்லைன்னா காகிதம் இல்லை, கேப்டன். எங்க நூலகம் அப்படி.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். “நல்ல ஒழுங்கு.” சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஒஃபேலியா நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகோடு சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கவாட்டுக் கதவில் தட்டும் சத்தம். மிர்த்தா சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள்.

“அம்மா, வியேரா டாக்டரைப் பத்தி அந்த கேப்டன் ஊரெல்லாம் விசாரிக்கறாராமே? கல்லூரி வரைக்கும் வந்துடுச்சு பேச்சு.”

“மெதுவாப் பேசு.”

“அவர் காகிதமெல்லாம் இங்கதானா இருக்கு? நான் எழுதின கடுதாசியும் இருக்கா? குண்டு பட்ட ஹுலியோவோட காலுக்காக எழுதினது?”

ஒஃபேலியா பக்கவாட்டுக் கதவைச் சாத்தினாள். மகளுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

“படிச்சியா?”

“படிக்காம எப்படி அட்டை போடறது?”

“அட்டை போட்டியா? என் பேருக்கா?”

“எல்லாருக்கும் போட்டேன்டி. அப்ப நிலைமை வேற. உன் பேரை மட்டும் விட்டா அது…”

“அது என்ன? தப்பாயிடுமா? பெத்த பொண்ணைப் பேரோட தெருவோட எழுதி இழுப்பறையில வச்சுட்டு, வீட்டுக்கு வந்து எனக்குச் சூப் ஊத்திக் குடுத்திருக்க!”

 அந்த அட்டையைத் தட்டச்சு செய்த நாள் ஒஃபேலியாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பயம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. என் மகள் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள், சரித்திரத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்தப் பெருமைக்கு இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“எரிச்சுட்டேன்,” என்றாள். “அட்டையெல்லாம் எரிச்சாச்சு.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

மிர்த்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கேப்டன் திரும்பி வந்தபோது உற்சாகமாக இருந்தார். “சுதந்திரப் போர்ல இந்த ஊர்க்காரர் ஒருத்தர், கர்னல் டியாஸ். பொண்டாட்டிக்கு எழுதின கடிதங்கள் இருக்காமே. ‘டி’ எழுத்து இழுப்பறை வேணும்.”

“இதோ,” என்று எழுந்தவளுக்குப் பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

எல்லாமா என்று மகள் கேட்டாளே. எல்லாம் இல்லை.

அந்த நாட்டில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் வைத்துக்கொள்வார்கள். டாக்டரின் மனைவி செலினா வியேரா இல்லை, செலினா டுவார்ட்டே. கொடுத்தவர் பெயரில் தேடி வருகிறவர்கள் ஏமாறக்கூடாது என்று அவர் பெயருக்கும் ஓர் அட்டை போடுவது ஒஃபேலியாவின் வழக்கம். ‘டுவார்ட்டே, செலினா. காண்க: வியேரா, அவுரேலியோ. கடிதங்கள்.’ அப்படி ‘காண்க’ அட்டை போட மறந்த உதவியாளர்களை அவள் எத்தனை தடவை கடிந்திருக்கிறாள்! ‘வி’யில் இருந்ததை எரித்தவள் ‘டி’யில் இருந்ததை மறந்துபோனாள். டியாஸ் அட்டைகளுக்குக் கொஞ்சம் பின்னால், அதே இழுப்பறையில், அதே கம்பியில் அது கோர்த்திருக்கிறது. காகிதம் இந்த நூலகத்துக்கு வந்தது என்று அந்த ஒரு அட்டை சொல்லிவிடும். அட்டை இல்லைன்னா காகிதம் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியாகிவிட்டது.

உள் அறைக்குப் போய் இழுப்பறையை உருவினாள். உருவின அவசரத்தில் அது மேஜைக் காலில் இடித்தது.

“உதவி வேணுமா மேடம்?” வெளியிலிருந்து குரல்.

“வேண்டாம் வேண்டாம், வந்துட்டேன்!”

கம்பியை உருவாமல் அட்டை வராது. இழுத்துக் கிழித்தால் அடித்துண்டு கம்பியிலேயே தொங்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். டொமிங்கஸ்… டோராடோ… டுவார்ட்டே, ரமோன், நில அளவையாளர்… டுஃபோர்.

செலினா இல்லை.

முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். இல்லவே இல்லை. கம்பியின் முனையில் இருந்த திருகாணியைத் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் சுற்றியது. அவள் எப்போதும் அதை விரல் வலிக்க முடுக்குகிறவள். யாரோ கம்பியை உருவி, வேண்டிய ஒரே ஒரு அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவசரமாகத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு மூச்சு அளவுக்கு நிம்மதி வந்தது. அடுத்த மூச்சில் அது போய்விட்டது. அட்டை இங்கே இல்லை என்றால், யார் கையில் இருக்கிறது?

கர்னல் டியாஸின் கடிதங்களில் இரண்டைக் கேப்டன் தேர்ந்தெடுத்தார், கையெழுத்துப் போட்டார். தொப்பியை வைத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்றார்.

“நாளைக்கும் வர்றேன். அட்டைகள்ல எல்லாம் இருந்துடாது பாருங்க. பெட்டிகளைத் திறந்து பார்த்தாத்தான் எனக்குத் திருப்தி.”

“எந்தப் பெட்டி?”

“எல்லாப் பெட்டியும்தான்.”

அவர் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு, வாசல்காரர் நெல்சனிடம் போனாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள்.

“நேத்து நான் சாப்பிடப் போனப்ப உள் அறைக்கு யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரலையே,” என்றார் நெல்சன். “உங்க நாத்தனார் மட்டும்தான். படக்கதைப் புத்தகம் மாத்த வந்தாங்க. உங்களைப் பார்க்கணும்னு உள்ளே போனாங்க. வெளியாள் இல்லையேன்னு விட்டேன்.”

இர்மா. அவளுக்கு எந்த இழுப்பறை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன் அவளை நூலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்த்துவிட்டதே ஒஃபேலியாதான். கடிதம் கடிதமாகப் போட்ட அட்டைகளை ஒஃபேலியா தன் கையாலேயே செய்தாள், கொடுத்தவர் பெயருக்கான அட்டைகளை மட்டும் இர்மாவிடம் கொடுத்தாள். அந்த ‘காண்க’ அட்டை இர்மா தட்டியதுதான். ‘எதுக்கு அண்ணி ஒரே ஆளுக்கு ரெண்டு இடம்?’ என்று அப்போது அலுத்துக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது.

வீடு சேர்ந்தபோது மழை விடவில்லை. அனிபாலுக்கு மருந்துக்கடையில் இரவு முறை. மிர்த்தாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. சமையலறையில், ஒஃபேலியாவின் அடுப்பில், ஒஃபேலியாவின் வாணலியில், இர்மா மாவு வட்டங்களைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணி. காலையில ஒண்ணுகூடத் தொடலையாமே. அதான் புதுசா…”

“எங்க அது?”

இர்மா நடிக்கவில்லை. அடுப்பைத் தணித்தாள். ஏப்ரன் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எண்ணெய் விரலின் தடம் அதில் பதிந்திருந்தது.

“கேப்டன் வர்றாருன்னு வாஷிங்டன் சொன்னாரு. புகையையும் பார்த்தேன். நீங்க ‘வி’யை எடுத்திருப்பீங்க, இதை மறந்திருப்பீங்கன்னு தோணுச்சு. நான் தட்டினதாச்சே.”

 காலையிலிருந்து இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று ஒஃபேலியாவுக்கு வெட்கமாக இருந்தது. “இர்மா…” என்று அவள் தோளைத் தொட்டாள்.

“எனக்கு நீங்க ஒரு உதவி செய்யணும் அண்ணி.” இர்மாவின் குரல் இறங்கியது. “அந்தக் காகிதத்துல என் கடுதாசியும் ஒண்ணு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பையனுக்காக டாக்டருக்கு எழுதினேன். அது இவர் கையில கிடைச்சா என்னை உசிரோட விடமாட்டாரு. எங்க வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்.”

பாதிரியார் ஓர்தீஸ் என்ற பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அங்கேயே நின்றது. ஒஃபேலியா ஒவ்வொரு கடிதத்தையும் படித்தவள், ஒவ்வொன்றுக்கும் தன் கையால் அட்டை போட்டவள். மனசுக்குள் வேகமாகப் புரட்டிப் பார்த்தாள். இர்மா எழுதியது என்று அதில் ஒன்றும் இல்லை. ஒருவேளை பெயர் போடாமல் எழுதினாளோ? பெயர் போடாதது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரு கிழவரின் மூட்டுவலி பற்றியது.

இல்லாத ஒரு காகிதத்தை இருப்பதாக அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

“பச்சை மையில எழுதினதா? கீழ பேருக்குப் பதிலா ஒரு மீன் வரைஞ்சிருக்குமே?”

இல்லை என்று சொல்லு. நான் எழுதினது அப்படி இல்லை அண்ணி என்று சொல்லு. ஒஃபேலியா மனசுக்குள் கெஞ்சினாள்.

இர்மாவின் கண் நிறைந்தது. “அதேதான் அண்ணி! கடவுள் புண்ணியம், பத்திரமா இருக்கா?”

அப்படி ஒரு கடிதமே கிடையாது. அட்டையை எடுத்துவரச் சொன்னது யார் என்று ஒஃபேலியாவுக்கு இப்போது புரிந்தது. ‘வியேராவைக் காண்க’ என்பதோடு அட்டை நின்றுவிடும், பெட்டி எங்கே என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். கேப்டன் நாளைக்குப் பெட்டிகளைத் திறப்பதற்குள் கடிதங்களைத் தானே கொண்டுபோய்ப் பெயர் வாங்க வேண்டும் என்று சார்ஜென்ட் வாஷிங்டனுக்கு ஆசை.

“சொல்லுங்க அண்ணி. இன்னிக்கே சொல்லிடுங்க.” இர்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் இர்மாவின் சட்டைக்கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. ஒஃபேலியா பார்த்ததைக் கவனித்துவிட்டு இர்மா அதைச் சட்டென்று இழுத்து மூடினாள். அவள் கண் ஒரு கணம் ஜன்னலுக்குப் போய் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே, கூரை விளிம்பின் கீழே, ஒரு சிகரெட் நுனி சிவந்தது.

உள்ளே மிர்த்தாவின் அறைக் கதவு திறந்தது. “அத்தை, வாசனை தூக்குதே! எனக்கும் ஒண்ணு வைங்க,” என்று அவள் வருகிற சத்தம்.

ஒஃபேலியாவின் கண்ணுக்கு முன்னால் இரண்டு பேர். மகள் ஒருத்தி, மகளைத் தூக்கி வளர்த்தவள் ஒருத்தி. இரண்டு பேருக்கும் அடி விழாத பதில் ஒன்று வேண்டும். அப்படி ஒரு பதில் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அடியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“இங்க இல்ல இர்மா,” என்றாள். ஜன்னலுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். “நேத்தே அக்கரைக்குப் போயாச்சு. ஆத்தைத் தாண்டி அர்ஜென்டினாவுக்கு. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். வேற யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

இர்மா அவள் கையை விட்டாள். “ஐயோ அண்ணி,” என்றாள், உதடு மட்டும் அசைந்தது. “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

வெளியே சிகரெட் நுனி ஈரத்தில் விழுந்து அணைந்தது. பூட்ஸ் சத்தம் அடுத்த வீட்டுப் பக்கம் போகும் என்று ஒஃபேலியா காத்திருந்தாள். அது சுவரைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தது. மிர்த்தா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “வாஷிங்டன் மாமாவா? நான் திறக்கறேன்,” என்று கதவுப் பக்கம் நடந்தாள்.